டிரஸ்ட்டுகளுக்கு வரி வக்கீலாக இருப்பது எப்படி

என் ஆபீசில் சேரும் ஜூனியருக்கு முதல் மாதம் சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுக்க மாட்டேன். ஒரு கட்டு டிரஸ்ட் பத்திரங்களை மேசையில் வைத்து, "படிங்க, எங்கே இடிக்குதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்க" என்பேன். மதுரையில் வருமானவரி வக்கீல் நான். ஆரம்பத்தில் பாத்திரக்கடை, நூல் வியாபாரம், ரைஸ் மில் என்று எல்லாம் பார்த்தேன். பிறகு மெல்ல மெல்ல டிரஸ்ட்டும் சங்கமும் மட்டும் என்று ஆகிவிட்டது. கிராமத்துப் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், அன்னதான டிரஸ்ட்டுகள், கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சமுதாயச் சங்கங்கள், இரண்டு மூன்று நூலகங்கள். இந்த வருடத்தோடு கடையைக் கட்டப் போகிறேன். அதற்கு முன், இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்குத் தொழில் எப்படி நடக்கிறது என்று எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் வருமானவரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. 1961-ஆம் வருடச் சட்டத்தில் டிரஸ்ட்டுகளின் வரிவிலக்குக்கான 11, 12, 13 என்று நாங்கள் தூக்கத்தில்கூடச் சொல்லும் பிரிவுகள் எல்லாம் புதிய சட்டத்தில் 332-இலிருந்து தொடங்கும் வேறு எண்களுக்குப் போய்விட்டன. நன்கொடை கொடுத்தவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி இப்போது 133. ஆனால் உங்கள் மேசைக்கு வரும் நோட்டீசும் அப்பீலும் இன்னும் பல வருடங்களுக்குப் பழைய வருடக் கணக்குகளைப் பற்றித்தான் இருக்கும். டிரஸ்ட்டிகளும் "80ஜி" என்றுதான் பேசுவார்கள். அதனால் பழைய எண்களிலேயே சொல்கிறேன். பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் இருக்கும்போது வக்கீல் எதற்கு என்று எல்லா டிரஸ்ட்டிலும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 10பி, 10பிபி தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட ஆடிட்டரால்தான் முடியும், நம்மால் முடியாது. நம் வேலை பத்திரத்தில் ஆரம்பிக்கிறது. பதிவு, வருமானவரிக் கமிஷனர் முன் விசாரணை, ட்ரிப்யூனல் என்னும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஹைகோர்ட் என்று போகிறது. நல்ல ஆடிட்டர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகுங்கள். அவரிடம் இருக்கும் எண்களுக்கும் நம்மிடம் இருக்கும் காகிதத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதை முதலில் பிடிப்பவர் அதிகாரியாகத்தான் இருப்பார்.

இந்தத் தொழிலில் எதிரில் வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் நல்ல மனிதர்கள். ரிட்டயர்டு தலைமையாசிரியர், டாக்டர், அப்பா பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்த மகன். ஒரு டிரஸ்ட்டின் வரிவிலக்கு பறிபோவதற்கு அவர்களுடைய மனசு காரணமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தேதியைத் தவறவிடுவார்கள், சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்திருப்பார்கள், இரண்டுக்கும் காகிதம் இருக்காது. நல்லவர்களைப் பார்த்து "முடியாது" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் வழக்கு வருவதற்கு முன்னால். மற்றதெல்லாம் படித்தால் வந்துவிடும்.

பத்திரம் படிப்பது

"எழுதிக்கொடுத்த டிரஸ்டு டிக்ளரேஷன் பத்திரம் என்னவென்றால்" என்று ஆரம்பிக்கும் பத்திரங்களைப் பத்திர எழுத்தர்கள் ஒரே மாதிரியை வைத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். ஒரு முதியோர் இல்லத்தின் பத்திரத்தில் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, ஏற்றுமதி எல்லாம் நோக்கங்களாக இருந்தன. எழுத்தரிடம் இருந்த முந்தைய பத்திரம் அப்படி.

படிக்கும்போது ஐந்து இடங்களில் நின்று படியுங்கள். நோக்கங்கள்: எல்லாம் அறப்பணி எது என்று சொல்லும் 2(15)-ஆம் பிரிவுக்குள் வருகிறதா? ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், யோகா, சுற்றுச்சூழல், புராதனச் சின்னங்கள், கடைசியாகப் பொதுப் பயன்பாடு. இந்தக் கடைசித் தலைப்பில் வந்து நின்றால் வியாபாரத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் பள்ளி நடத்துபவர் "கல்வி" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், "சமூக முன்னேற்றம்" என்று மழுப்பியிருக்கக் கூடாது. அடுத்தது, பயன் இந்தியாவுக்குள் மட்டும்தானா என்பது. மூன்றாவது, இந்த டிரஸ்ட் திரும்பப் பெற முடியாதது என்ற வரி. நான்காவது, கலைத்தால் சொத்து எங்கே போகும் என்ற வரி. அது இதே போன்ற நோக்கமுள்ள, பதிவு பெற்ற இன்னொரு டிரஸ்ட்டுக்குப் போக வேண்டும். "ஸ்தாபகரின் வாரிசுகளுக்கு" என்று இருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிட்டு அவர்களைப் பேசக் கூப்பிடுங்கள். ஐந்தாவது, திருத்தும் அதிகாரம்.

இந்த ஐந்தாவதை யாரும் கவனிப்பதில்லை. பத்திரத்தில் திருத்தும் அதிகாரம் இல்லாவிட்டால், நோக்கத்தில் ஒரு வார்த்தையை மாற்ற சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம். அதிகாரம் இருந்தால் ஒரு துணைப் பத்திரத்தோடு வேலை முடிந்தது. அப்புறம், நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் கமிஷனரிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். துணைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு இதை மறந்துபோன டிரஸ்ட்டுகள் நிறைய.

பொது அறக்கட்டளைக்கு 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் பொருந்தாது; அது தனியார் டிரஸ்ட்டுக்கானது. பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே "இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-இன்படி" என்று எழுதிவிடுகிறார்கள். இதற்காகவே ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும். பழகிப்போகும்.

தேதிகள்

வரிவிலக்குக்காக வருமானவரித் துறையிடம் வாங்கும் 12ஏ பதிவு 1973-இல் வந்தது. அன்று முதல் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்று இருந்தது. டைப்ரைட்டரில் அடித்த ஒரே பக்க உத்தரவு. அதை பிரேம் போட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருப்பார்கள். 2021-இல் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று ஆனபோது அந்த பிரேமைக் கழற்றி ஸ்கேன் எடுத்தவர்கள் பிழைத்தார்கள். கறையான் அரித்தவர்கள் பழைய அசெஸ்மென்ட் உத்தரவுகளில் எங்காவது பதிவு எண் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

இப்போது நிலைமை இது. புதிய டிரஸ்ட்டுக்கு 10ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. அந்த மூன்று வருடமும் நமக்கு இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்போ, செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள்ளோ, எது முதலில் வருகிறதோ அதற்குள் முழுப் பதிவுக்கான 10ஏபி படிவம் போட வேண்டும். பள்ளிக்கூடம் ஜூனில் திறந்தாயிற்று என்றால் கடிகாரம் ஜூனிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நிரந்தரம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லும் பதிவும் ஐந்து வருடம்தான். 2025-ஆம் வருட நிதிச் சட்டம் ஒரு நல்லது செய்தது: விலக்கு கழிப்பதற்கு முன் மொத்த வருமானம் முந்தைய இரண்டு வருடங்களிலும் 5 கோடிக்குள் இருந்தால் பத்து வருடம். நம் ஊர் டிரஸ்ட்டுகளில் பெரும்பாலானவை இதில் வந்துவிடும்.

தேதி தவறினால் என்ன ஆகும் என்று டிரஸ்டிகளுக்கு ஒருமுறையாவது பயப்படும்படி சொல்லுங்கள். அந்த வருட வருமானத்துக்கு வரி என்பதோடு போகாது. 115டிடி என்று ஒரு பிரிவு 2016-இல் வந்தது. பதிவு போனாலோ, 2023-க்குப் பிறகு உரிய நேரத்தில் புதுப்பிக்காவிட்டாலோகூட, டிரஸ்ட்டின் சொத்துகளின் சந்தை மதிப்பிலிருந்து கடனைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. தாத்தா காலத்தில் ஊருக்கு வெளியே சும்மா கிடந்த நிலம் இன்று பைபாஸ் ஓரம். அந்த மதிப்பில் கணக்குப் போட்டால் பள்ளியை விற்றுத்தான் கட்ட வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரம் 2024 அக்டோபர் முதல் கமிஷனருக்கே கிடைத்திருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி யாரும் தூங்க வேண்டாம்.

என் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய மாதக் காலண்டர் உண்டு. மே 31: நன்கொடையாளர் பட்டியல், 10பிடி. செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை. அக்டோபர் 31: டிரஸ்ட்டின் வருமானவரி ரிட்டர்ன், ஐடிஆர்-7. மிச்சப் பணத்தை ஒதுக்கிவைக்கும் 10-ஆம் படிவம் ரிட்டர்ன் கெடுவுக்கு இரண்டு மாதம் முன், அதாவது ஆகஸ்ட் 31. அரசு அவ்வப்போது நீட்டித்துக் கொடுக்கும். நீட்டிப்பு வரும் என்று எண்ணி வேலை பார்ப்பவரை நான் ஜூனியராக வைத்துக்கொள்வதில்லை.

85 சதவீதம்

வரவில் 85 சதவீதத்தை அந்த வருடமே நோக்கத்துக்காகச் செலவு செய்ய வேண்டும். 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். 40 லட்சம் வரவு என்றால் 34 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். 28 லட்சம்தான் செலவு என்றால் மிச்ச 6 லட்சத்துக்கு 10-ஆம் படிவத்தில் காரணம் சொல்லி ஐந்து வருடம் வரை ஒதுக்கலாம். காரணம் குறிப்பாக இருக்க வேண்டும்: "வகுப்பறைக் கட்டடம், மேல் தளம்." "டிரஸ்ட்டின் நோக்கங்களுக்காக" என்று எழுதினால் அது காரணமே இல்லை.

மார்ச் மாதம் வந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும். "மேடம், ஆறு லட்சம் மிஞ்சுது, என்ன பண்ணலாம்?" செக் எழுதி டிராயரில் வைக்கலாமா என்பார்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு உண்மையில் கொடுத்தால்தான் செலவு. பில் வந்தாலோ செக் எழுதினாலோ போதாது. இன்னொரு டிரஸ்ட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிடலாமா என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் கொடுத்ததில் 85 சதவீதம்தான் கணக்கில் சேரும். கட்டடம், வண்டி வாங்கினால் முழுத் தொகையும் செலவாகச் சேரும். ஆனால் அதற்கே மறுபடி தேய்மானம் கேட்கக் கூடாது. ரொக்கமாக ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததும் சேராது. கொத்தனார் கூலி இங்கேதான் மாட்டும்.

கார்பஸ், அதாவது மூலதன நிதிக்கு வரும் நன்கொடைக்குத் தனி மரியாதை. அது வருமானத்தில் சேராது. ஆனால் "இது கார்பஸுக்கு" என்று கொடுத்தவர் எழுதித் தந்திருக்க வேண்டும், நாம் ரசீதில் போட்டுக்கொள்வது போதாது. அந்தப் பணத்தை 11(5)-இல் சொன்ன இடங்களில் தனியாகவும் வைக்க வேண்டும்: தேசிய வங்கி டெபாசிட், அஞ்சலகச் சேமிப்பு மாதிரி. டிரஸ்டியின் நண்பருடைய சீட்டுக் கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டிருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மருமகன் வண்டி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். நீங்கள் பார்க்கப்போகும் சண்டைகளில் பாதி, டிரஸ்ட் பணம் சொந்தக்காரர்களுக்குப் போவதைத் தடுக்கும் இந்த 13-ஆம் பிரிவில்தான்.

ஒரு பள்ளியின் கரஸ்பாண்டென்ட், எழுபது வயசு, கதர் சட்டை, காசு விஷயத்தில் கறார். பள்ளிக்கு ஓடும் வேன்கள் அவர் மருமகனுடையவை. நான் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "மருமகன் வண்டிதான் மேடம். மத்தவனைவிட நமக்குக் குறைச்சலாத்தான் ஓட்டுறாரு."

"குறைச்சல்னா அதை எழுத்துல காட்டணும் ஐயா."

"என் வார்த்தையை நம்ப மாட்டாங்களா?"

நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஸ்தாபகர், டிரஸ்டி, மேலாளர், பெரிய தொகை கொடுத்தவர் எல்லாம் "சம்பந்தப்பட்டவர்கள்". டிரஸ்டியின் சொந்தக்காரர் பட்டியலில் மகளின் கணவரும் உண்டு, மனைவியின் தம்பியும் உண்டு, தம்பி பேரனும் உண்டு. பெரிய தொகை என்பது முன்பெல்லாம் மொத்தம் 50,000 ரூபாய். 2025-இல் அதை வருடத்துக்கு ஒரு லட்சம் அல்லது மொத்தமாகப் பத்து லட்சம் என்று உயர்த்தி, கொடுத்தவருடைய உறவினர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இவர்களுக்குப் பணமே கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமான அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது. டிரஸ்டியின் மகள் எம்.எஸ்சி. பி.எட். முடித்துவிட்டு அதே பள்ளியில் பாடம் எடுத்தால் சம்பளம் கொடுக்கலாம். அதே தகுதியுள்ள பக்கத்து வகுப்பு ஆசிரியைக்குக் கொடுப்பதைக் கொடுக்க வேண்டும். எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேனுக்கு வேறு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள், லெட்டர்ஹெட்டில், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று. டிரஸ்ட் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தின்போது கரஸ்பாண்டென்ட் வெளியே போய் உட்கார வேண்டும், அவர் வெளியே போனார் என்று மினிட்ஸில் எழுத வேண்டும். அப்புறம் ஒப்பந்தம், லாக் புக், வங்கி வழியாகப் பணம். அடுத்த வருடமும் இதே சுற்று.

அவர் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. பிறகு மூன்று கொட்டேஷனையும் ஒரு கவரில் போட்டு ஆள் மூலம் அனுப்பினார். மருமகன் விலை நிஜமாகவே குறைவு. அந்தக் கவர் இன்னும் கோப்பில் இருக்கிறது.

2022 வரை இப்படி ஒரு சறுக்கல் கண்டுபிடிக்கப்பட்டால் மொத்த விலக்கும் போய்விடும் என்று துறை வாதாடும். இப்போது அந்தத் தொகைக்கு மட்டும் 30 சதவீத வரி. ஆனால் அதே அளவு தொகை அபராதமாகவும் வரும், மறுபடி செய்தால் இரு மடங்கு. விலக்கு தப்பித்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அபராத நோட்டீசுக்குப் பதில் எழுதுங்கள்.

சங்கத்து மண்டபம்

தென்மாவட்டங்களில் வேலை பார்த்தால் சாதிச் சங்கத்தின் டிரஸ்ட் வராமல் இருக்காது. குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்று 1962 ஏப்ரலுக்குப் பிறகு அமைத்த அறக்கட்டளைக்கு விலக்கு இல்லை. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான டிரஸ்ட்டை அப்படிக் கருதக் கூடாது என்று அதே பிரிவுக்கு விளக்கம் இருக்கிறது. உங்கள் கட்சிக்காரர் அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தால் அந்த அரசாணையை விண்ணப்பத்தோடே வையுங்கள். பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நான் எப்போதும் சொல்லும் யோசனை வேறு: ஸ்காலர்ஷிப்பையாவது எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். சில சங்கத் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலர் செய்திருக்கிறார்கள், அதில் ஒரு சங்கத்தின் ஸ்காலர்ஷிப்பில் படித்த பையன் இப்போது அந்தச் சங்கத்துக்கே ஆடிட்டர், அவர் அந்தச் சாதி இல்லை.

ரசீது கேட்டு வருபவர்கள்

பிப்ரவரி, மார்ச்சில் யாரோ ஒரு புரோக்கர் டிரஸ்டியைத் தேடி வருவான். "பத்து லட்சத்துக்குச் செக் வரும். கமிஷன் வச்சுக்கிட்டு மிச்சத்தை கேஷா குடுத்துடுங்க." பணக்கஷ்டத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு இது மழை மாதிரி தெரியும். நீங்கள் அந்த அறையில் இருந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அப்புறமும் டிரஸ்டி தொடர்ந்தால் வக்காலத்தையும் விட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. அந்தப் பணம் உண்மையில் எங்கே போனது என்று கேட்டு வருபவர்கள் செக் கொடுத்தவரிடமிருந்து ஆரம்பித்து டிரஸ்ட்டில்தான் வந்து நிற்பார்கள்.

ஒழுங்கான ரசீதுக்கும் விதி இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடைக்காது. 10பிடியில் அவருடைய பான், ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அடையாள எண் இல்லாமல் பெயரை மட்டும் ஏற்ற முடியாது. ஏற்றியபின் இறக்கும் 10பிஇ சான்றிதழ்தான் செல்லும். கார்பன் வைத்து எழுதிய மஞ்சள் ரசீது அதற்குப் பதிலாகாது. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு 80ஜி கழிவே கிடையாது என்பதையும் டிரஸ்டிகளிடம் சொல்லுங்கள். அது தெரிந்தும் கொடுப்பவர்தான் அடுத்த வருடமும் கொடுப்பார்.

பெயர் தெரியாத நன்கொடை தனி. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், எது அதிகமோ அதைத் தாண்டினால் 30 சதவீத வரி. முழுக்க சமய அறக்கட்டளைக்கு இது இல்லை, அதனால் கோயில் உண்டியல் தப்பிக்கும். முதியோர் இல்ல வாசலில் வைத்த உண்டியல் தப்பிக்காது.

நோட்டீஸ் வந்தால்

10ஏபி போட்டபின் கமிஷனர் அலுவலகத்திலிருந்து கேள்விகள் வரும். போர்ட்டலில்தான் வரும், டிரஸ்ட்டின் ஈமெயிலை யாரும் திறந்து பார்க்காததால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களே அதிகம். "என்னென்ன செயல்பாடு, ஆதாரத்தோடு தருக" என்பதுதான் பொதுவான கேள்வி. இதற்குப் போட்டோ ஆல்பம் அனுப்பாதீர்கள். சால்வை போர்த்தும் படங்களைப் பார்த்து எந்த அதிகாரியும் பதிவு கொடுத்ததில்லை.

ஒரு அன்னதான டிரஸ்ட்டுக்கு நான் கொடுத்த பதில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். மேலே தேதிகள், இடம், எத்தனை இலை. அடுத்து கீழமாரட் வீதி மளிகைக் கடை பில், அரிசி எத்தனை சிப்பம், பருப்பு எத்தனை கிலோ. அதற்கு நேராக வங்கிக் கணக்கில் அந்தத் தொகை போன வரி, அடிக்கோடிட்டு. சமையல்காரர் கூலி வவுச்சர், கையெழுத்தோடு. கடைசியில் ஒரே ஒரு போட்டோ. அரிசிக்கும் இலைக்கும் கணக்கு ஒத்துவந்ததா என்று நானே முதலில் பெருக்கிப் பார்த்தேன். அதிகாரி பார்ப்பார் என்பதால்தான்.

நிராகரித்தால் நேராக ட்ரிப்யூனல். கட்டணம் 500 ரூபாய்தான். உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து இரண்டு மாதம் அவகாசம். முன்பு ஒவ்வொரு வழக்குக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி எழும்பூரில் இறங்கிப் போவோம். இப்போது வீடியோவிலும் நடக்கிறது. பதில் தராமல் நிராகரிக்கப்பட்டது என்றால் மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கமிஷனருக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். அந்த இரண்டாவது வாய்ப்பில் எல்லாக் காகிதமும் தயாராக இருக்க வேண்டும். சட்டக் கேள்வி இருந்தால்தான் அடுத்தது ஹைகோர்ட். 2004-இல் மதுரைக் கிளை வந்தபிறகு அது நமக்கு உள்ளூர்.

வாதாட வேண்டிய கட்டம் வந்தால் பழைய தீர்ப்புகளைத் தலைக்குறிப்போடு நிறுத்தாமல் முழுக்கப் படியுங்கள். தந்தி டிரஸ்ட் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சி.பா. ஆதித்தனார் 1954-இல் தினத்தந்தி நாளிதழையே டிரஸ்ட் சொத்தாக வைத்தார். பத்திரிகை வியாபாரத்தின் லாபம் கல்விக்கும் தொண்டுக்கும் போனால் அதற்கு விலக்கு உண்டா என்பது கேள்வி. சட்டம் 1984-இல் ஒரு மாதிரி இருந்தது, 1992-இல் மாறியது. உச்ச நீதிமன்றம் 2001-இல், பழைய வாசகம் இருந்த வருடங்களுக்கு இல்லை, மாறிய பிறகு உண்டு என்று பிரித்துச் சொன்னது. ஒரே டிரஸ்ட், ஒரே தொழில், வருடத்துக்கு வருடம் வேறு பதில். உங்கள் கட்சிக்காரரின் வருடம் எது என்று பார்க்காமல் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு அதே தீர்ப்பை உங்கள் மேலேயே போடும். கல்வி நிறுவனங்களுக்கு 2022 அக்டோபரில் வந்த நியூ நோபிள் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். "கல்விக்கு மட்டுமே" என்றால் மட்டுமேதான் என்று அது இறுக்கிவிட்டது.

பீஸ்

சின்ன டிரஸ்ட்டுக்கு இலவசமாகச் செய்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். இலவச வேலை எப்போதும் கடைசியில் நிற்கும், தேதி தவறும். குறைவாக வாங்குங்கள், ரசீது கொடுங்கள். முடிந்தால் பீஸை நன்கொடையாகத் திருப்பிக் கொடுங்கள், அது வேறு கணக்கு. வசூலாகும் நன்கொடையில் சதவீதம் வேண்டாம். கட்சிக்காரர் டிரஸ்ட்டில் டிரஸ்டியாகவும் ஆகாதீர்கள். மாலை போட்டுக் கூப்பிடுவார்கள். மறுநாள் நீங்களே "சம்பந்தப்பட்டவர்", உங்கள் பீஸ் நியாயமானதா என்று உங்களுக்கே நோட்டீஸ் வரும்.

ஒப்படைப்பது

இந்த வருடம் என் வேலை முழுக்க இதுதான். வக்கீல் போனபிறகு டிரஸ்ட் தடுமாறினால் அவர் கோப்பு சரியில்லை என்று அர்த்தம். எனவே தொழிலை விடும்போது செய்ய வேண்டியதைத் தொழில் ஆரம்பிக்கும் நாளிலிருந்தே செய்யுங்கள்.

போர்ட்டலில் டிரஸ்ட்டின் பெயருக்கு எதிரே வக்கீலின் ஈமெயிலும் செல்போனும் இருக்கக் கூடாது. வசதிக்காக எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். டிரஸ்ட்டின் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து, பாஸ்வேர்டை இரண்டு டிரஸ்டிகளிடம் கொடுங்கள். மேனேஜிங் டிரஸ்டியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் நம் டிராயரில் கிடக்கக் கூடாது. ஒரு ரப்பர் பேண்டில் பத்துப் பன்னிரண்டு டோக்கன்களைக் கட்டி வைத்திருக்கும் ஆபீஸ்களைப் பார்த்திருக்கிறேன். இறந்துபோன டிரஸ்டியின் டோக்கன்கூட அதில் இருக்கும்.

ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் ஒரே தாளில் எழுதிவையுங்கள்: பத்திர எண், தேதி, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், துணைப் பத்திரங்கள், பான், பதிவு எண், அது எந்த வருடத்தோடு முடிகிறது, புதுப்பிக்கக் கடைசி நாள், ஒதுக்கிவைத்த தொகை எவ்வளவு, எந்த வருடத்துக்குள் செலவு செய்ய வேண்டும், நிலுவையில் உள்ள வழக்கு. கீழே, இந்த டிரஸ்ட்டில் யார் யாருக்குச் சொந்தம் என்று ஒரு குடும்ப மரம். அது இல்லாமல் புதியவருக்கு மருமகன் வண்டி தெரியாது.

அசல் பத்திரங்களையும் பழைய 12ஏ உத்தரவுகளையும் கூரியரில் அனுப்பாதீர்கள். பட்டியல் போட்டு, டிரஸ்டி ஒருவரும் ஆபீஸ் கணக்காளரும் நேரில் வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். பட்டியலின் ஒரு நகல் புது வக்கீலுக்கு, ஒன்று ஆடிட்டருக்கு, ஒன்று உங்களுக்கு. எட்டு வருடம் அதை வைத்திருங்கள், யாராவது கேட்டு வருவார்கள்.